மிஸ்ஸியின் பச்சைக் கதவுகள்

மிஸ்ஸி பெருவிரல் நகத்தைக் கதவில் செருகி மெல்ல இழுத்த அந்தக் கணம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கதவின் மூலையில் சுருண்டு கிளம்பியிருந்த வெள்ளைப் பெயின்ற் அவர் இழுக்க இழுக்க அறுபடாமல் வந்தது. முழங்கை நீளத்துக்கு வந்த பிறகுதான் பட்டென்று அறுந்தது. அதை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கலகலவென்று சிரித்தார். "ரீச்சர், இஞ்சை பாரும். பாம்புச் செட்டை மாதிரிக் கழருது. இதுக்குப் போயோ நான் நேத்து முழுக்க அழுதனான்!" அழுது வீங்கிய கண் இன்னும் வற்றவில்லை. அந்தக் கண்களோடு அவர் சிரித்தது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. அடுத்த நிமிடம் சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கைகளாலும் கதவை உரிக்கத் தொடங்கிவிட்டார். என் கைகளும் சும்மா இருக்கவில்லை. நானும் பக்கத்தில் போய் நின்று உரித்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. வேலணையில் பிறந்து வளர்ந்த எனக்கு முதல் ஆசிரிய நியமனம் நெடுந்தீவில் கிடைத்திருந்தது. தங்குவதற்கு இடம் தேடியபோது, அரசாங்க மருந்துசாலையோடு ஒட்டிய சிறிய விடுதியில் தனியாக இருந்த மருத்துவிச்சி, "என்னோடை இரும், எனக்கும் கதைக்க ஆள் வேணும்" என்று கூப்பிட்டார். தீவில் எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றுதான் அழைத்தார்கள். சுருவில் ஊர்க்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். ஆண்களை விட உயரம். உரத்த குரல். குசினியில் நின்று அவர் என்னைக் கூப்பிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "ரீச்சர், மிஸ்ஸி கூப்பிடுறா" என்று எனக்குச் சொல்லுவார்கள். கலியாணம் முடிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார், அவர் எதையும் ஒளித்து வைக்கிறவர் அல்லர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவராக இருந்தும் முதல் நாளிலிருந்தே என்னைத் தோழியாகத்தான் நடத்தினார்.

மருந்துசாலையின் பின்பக்கத்தில் ஓர் அறை இருந்தது. ஒரு கட்டில், ஓர் அலுமாரி, ஒரு மேசை, இரண்டு பெரிய யன்னல்கள், இரட்டைக் கதவு. பிரசவ அறை என்று சொல்ல அந்தப் பகுதிக்கு இருந்தது அது ஒன்றுதான். மிஸ்ஸி வருவதற்கு முன்பு அங்கே மருத்துவிச்சி இல்லாமல் நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையை, அவர் வந்துதான் திறந்து, கழுவி, கட்டிலுக்கு வெள்ளை விரித்து வைத்திருந்தார். கல்லும் சுண்ணாம்பும் கெட்டியாக இருந்தன. ஆனால் கதவு, யன்னல், நிலை, அலுமாரி என்று மரமாயிருந்த அத்தனையும் கடற்காற்றில் உரிந்து தொங்கின. எத்தனையோ தடவை துடைத்தாலும் மறுநாள் காலையில் நிலமெல்லாம் மீன் செதிள் கொட்டியது போல வெள்ளைத் துண்டுகள் கிடக்கும். கட்டட வேலைக்குப் பொறுப்பான கந்தோரில் கேட்டால், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்திலிருந்து பரிசோதனைக்கு வந்தது பள்ளி விடுமுறைக்குச் சற்று முன்னர். நான் அன்று விடுதியில்தான் இருந்தேன். பொல்லாத மனிதர் அல்லர். மெலிந்த உடம்பு, மூக்குக் கண்ணாடி, சத்தமில்லாத பேச்சு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மிஸ்ஸியோடு கதைத்துக்கொண்டிருந்தபோது காற்றில் யன்னல் கதவு படாரென்று அடித்தது. அப்போதுதான் விரித்த வெள்ளைத் துணியின் மேல் பெயின்ற் துண்டுகள் பொலபொலவென்று கொட்டின. அவர் இரண்டு விரல்களால் ஒரு துண்டை எடுத்து மிஸ்ஸியின் உள்ளங்கையில் வைத்தார். "இது ஒரு தாயின்ரை காயத்திலை விழுந்தால் என்ன நடக்குமெண்டு உமக்கு நான் சொல்லத் தேவையில்லை" என்றார். "சேர், நான் கேட்டுக் கேட்டு..." என்று மிஸ்ஸி தொடங்கினார். "தெரியும். உம்மிலை பிழையில்லை. ஆனால் இதெல்லாம் சுரண்டிப் பூசும்வரைக்கும் இந்த அறைக்குள்ளை ஒரு பிரசவமும் பாக்கக் கூடாது."

அவர் சொன்னது சரி. அதுதான் மிஸ்ஸியை அழ வைத்தது. பிழையான கட்டளை என்றால் அவர் சண்டை பிடித்திருப்பார்.

அறை பூட்டுப்பட்டால் என்ன ஆகும் என்பது தீவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வலி வந்த பெண்ணை வள்ளத்தில் ஏற்றி, கடல் கடந்து குறிகட்டுவானில் இறக்கி, அங்கே கார் ஒன்று பிடித்து ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் அதைச் செய்யலாம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டால் வள்ளம் விடுவது சாமானியமில்லை. மிஸ்ஸி வருவதற்கு முந்திய வருஷம் அப்படி ஏற்றிப் போன ஒரு பெண்ணுக்கு நடுக்கடலில் பிள்ளை பிறந்தது. பிறந்த பிள்ளை கரை சேரவில்லை. தாயும் மயிரிழையில்தான் பிழைத்தாள். அந்த வள்ளத்தை ஓட்டியவர் அவளுடைய கணவரேதான். ஒரு கையில் சுக்கானைப் பிடித்தபடி அவர் கண்டதை அவர் யாருக்கும் சொன்னதில்லை என்று தீவில் பேசிக்கொள்வார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது மறுபடியும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் முதல் பிரசவத்தில் அளவுக்கு மீறி இரத்தம் போன உடம்பு. அவர்கள் குடிசையில் மண் நிலம், ஒற்றை விளக்கு. "ஒரு கட்டிலும் கொதிச்ச தண்ணியும் வெளிச்சமும் இல்லாமல் அவளை நான் தொட மாட்டன்" என்று மிஸ்ஸி சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவையும் நினைத்து நினைத்து அழுத மறுநாள் காலையில்தான் அந்த நகம் கதவில் செருகுப்பட்டது. உரித்துக்கொண்டே மிஸ்ஸி சொன்னார், "டொக்டர் என்ன சொன்னவர்? சுரண்டிப் பூசும்வரைக்கும் எண்டு. ஆர் பூச வேணுமெண்டு சொல்லேல்லைத்தானே?" நான் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். சொல்லவில்லை. எனக்குள் ஏதோ ஒன்று குதித்தது. விடுமுறைக்கு வேலணைக்குப் போகக் கட்டி வைத்திருந்த பெட்டியை அன்றே அவிழ்த்தேன்.

ஆனால் பெயின்ற் எங்கே? வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். காலைச் சாப்பாட்டுப் பாணுக்கே விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. நான் வள்ளமேறி, பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்க் கடை கடையாகக் கேட்டேன். ஒரு கடைக்காரர் சிரித்தே விட்டார். இன்னொருவர் சிவப்பு நிறத்தில் ஒரு சிரட்டை அளவு இருக்கிறது, வேண்டுமா என்றார். பிரசவ அறைக்குச் சிவப்பா என்று நினைத்துத் திரும்பினேன். குறிகட்டுவானில் தீவுக்குத் திரும்ப நான் ஏறியது அந்தப் பெண்ணின் கணவரான வள்ளக்கார அண்ணையின் வள்ளம். ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.  கரை வரும்வரைக்கும் அவர் ஒரு கையால் தன் வள்ளத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தார்.

அன்று பின்னேரம் விடுதி வாசலில் அவர் வந்து நின்றார். தோளில் ஒரு பெரிய தகரம், கையில் ஒரு சிறிய தகரம். தன் வள்ளத்துக்கு அந்த வருஷம் பூச என்று எவ்வளவோ பாடுபட்டுத் தேடி வைத்திருந்த பச்சைப் பெயின்ற் பெரிய தகரத்தில். வள்ளத்தின் பெயரை எழுத வைத்திருந்த வெள்ளை சிறிய தகரத்தில். மிஸ்ஸி பதறிப்போனார்.

"அண்ணை, உங்கடை வள்ளம்?"

"வள்ளம் ஒரு வருஷம் பூசாமல் ஓடும், மிஸ்ஸி."

"உப்பு மரத்தைத் திண்டிடுமே."

"திண்டால் பலகை மாத்தலாம்" என்றார். பிறகு குரல் மாறி, "மற்றதை மாத்த ஏலாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மறுநாளிலிருந்து அந்த அறை ஒரு திருவிழாவாக மாறியது. மிஸ்ஸியிடம் பிள்ளை பெற்றவர்களும் பெறப் போகிறவர்களின் தாய்மாரும் அக்காமாரும் என்று காலையில் ஏழெட்டுப் பெண்கள் வந்துவிடுவார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகளை மட்டும் மிஸ்ஸி வாசலுக்கு இந்தப் பக்கம் விடவே இல்லை. "பழைய பெயின்ற் தூசி நஞ்சு. உங்கை நிண்டு பாருங்கோ, வாயாலை வேலை செய்யுங்கோ" என்பார். எங்களுக்கும் மூக்கைச் சுற்றித் துணி கட்டி, மரத்தை நனைத்து நனைத்துத்தான் சுரண்ட வேண்டும் என்று கட்டளை. உடைந்த போத்தில் கண்ணாடிதான் எங்கள் ஆயுதம். அதன் கூர் விளிம்பைச் சாய்த்துப் பிடித்து இழுத்தால் பெயின்ற் மெல்லிய சுருளாகக் கிளம்பும். கையை வெட்டாமல் இழுக்கப் பழகியபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய அன்றுகூட நான் அப்படித் துள்ளவில்லை. வெள்ளைக்குக் கீழே ஒரு நீலம் வந்தது. நீலத்துக்குக் கீழே மண்ணிறம். ஒவ்வொரு நிறம் வரும்போதும் பெண்கள் கூவினார்கள். கடைசியில் மரம் தெரிந்தது. முதிரை மரம், செந்தேன் நிறத்தில், ஒரு பூச்சி அரிப்பும் இல்லாமல். மிஸ்ஸி அதைக் கையால் தடவிப் பார்த்து, "இவ்வளவு நாளும் உள்ளுக்கை நல்லாத்தான் இருந்திருக்கிறாய்" என்று அந்தக் கதவோடு பேசினார்.

மழமழவென்று அழுத்தமாக்குவதற்குச் சாண்ட் பேப்பர் கிடைக்கவில்லை. வள்ளக்கார அண்ணையின் மனைவி, வாசலில் நின்றபடி, காய்ந்த சுறாத் தோல்களை எங்களிடம் நீட்டினாள். அதைக் கட்டையில் சுற்றித் தேய்த்தால் மரம் பட்டுப் போல வந்தது, மீன் நாற்றத்தோடு. வெடிப்புகளை அடைக்க வள்ளத்துக்கு வைத்திருந்த குங்கிலியக் கலவையும், பள்ளிக்கூடத்தில் தேய்ந்து எறிகிற சோக்குக் கட்டைகளை நான் இடித்தெடுத்த தூளும். இருந்தது ஒரே ஒரு தூரிகை. இரண்டாவதைப் பனந்தும்பைக் கட்டிச் செய்தோம். அது பூசியதை விடக் கீறியதுதான் அதிகம்.

பச்சையில் வெள்ளையைக் கலந்தபோது எல்லோரும் குனிந்து நின்று பார்த்தோம். வள்ளத்துப் பச்சை கண்ணைக் குத்துகிற பச்சை. வெள்ளை விழ விழ அது இளகியது. "போதும், போதும்!" என்று ஒருத்தி கத்தினாள். "இன்னும் கொஞ்சம்" என்றாள் மற்றவள். கடைசியில் முருங்கை இலையைத் திருப்பிப் பார்த்தால் தெரியுமே, அந்த மெல்லிய பச்சை வந்து நின்றது. மிஸ்ஸி கதவைக் கழுவித் துடைத்துக் காய வைத்திருந்தார். முதல் இழுப்பை அவரே இழுத்தார். இரட்டைக் கதவும் ஒரு யன்னலும் பூசி முடித்து நாங்கள் தூர நின்று பார்த்தபோது, ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டோம்.

சில நாள்கள்தான். ஒரு காலை கதவைத் திறக்கப் போன மிஸ்ஸியின் குரல் கேட்டு ஓடினேன். பூசிய இடமெல்லாம் கொப்பளம். அம்மை போட்ட உடம்பு மாதிரி, சின்னதும் பெரியதுமாக. தொட்டால் உடைந்தது, உடைந்த இடத்தில் பெயின்ற் தோலாகக் கழன்றது. செய்தது அத்தனையும் வீண். தகரத்தில் பாதிக்கும் கீழேதான் மிச்சம். வந்த பெண்கள் ஒவ்வொருவராக வாசலிலேயே நின்றுவிட்டார்கள். வள்ளக்கார அண்ணையின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. எங்களைப் பார்க்கவும் இல்லை. கடல் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிஸ்ஸி ஒரு கொப்பளத்தைப் பிரித்தார். உள்ளே ஈரம் மினுங்கியது. யாரும் எதிர்பாராத விதமாகக் குனிந்து, அந்த மரத்தை நாக்கு நுனியால் தொட்டார். நிமிர்ந்தார். கண்கள் விரிந்திருந்தன.

"உப்பு!" என்று கத்தினார். "ரீச்சர், உப்பு! நான்தான் உப்பைப் பூசினனான். எங்கடை கிணத்துத் தண்ணியாலைதானே கழுவினனான்!"

மருந்துசாலைக் கிணற்றில் மழைக்காலத்தில்தான் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர். சித்திரை வெயிலில் அது கடலுக்கு அக்கா தங்கச்சி. காற்றிலிருந்து மரத்தில் ஏறியிருந்த உப்பு போதாதென்று, நாங்கள் கழுவிக் கழுவி மேலும் ஏற்றியிருந்தோம். காரணம் தெரிந்ததும் மிஸ்ஸி கவலைப்பட மறந்துவிட்டார். நோய் என்னவென்று பிடிபட்ட வைத்தியர் போல அவர் முகம் தெளிந்தது. (இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க ஆட்கள் வந்தால், அவர்கள் தேநீர் குடிக்கப் போகிற நேரம் பார்த்து நான் கதவை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுண்டு. மகள் கண்டால் ஏசுவாள்.)

நல்ல தண்ணீர்க் கிணறு கொஞ்சம் தூரத்தில், ஒரு காணிக்கார அம்மாவின் வளவுக்குள் இருந்தது. மிஸ்ஸி முன்னுக்கு நடக்க, நாங்கள் குடங்களோடு பின்னால் போனோம். மீன்பிடிக் குடும்பத்துக் கடற்கரைப் பெண்களும் எங்களோடு வந்தார்கள். அந்த அம்மா கல்வேலிப் படலை வாசலுக்கு வந்து கேட்டுக்கொண்டார். தண்ணீர் தர மறுக்கவில்லை. ஆனால் துலாக் கயிற்றை வேறு யாரும் தொடக் கூடாது, தானே அள்ளி ஊற்றுவதாகச் சொன்னார். ஏன் என்று எங்களுக்கு எல்லோருக்கும் தெரியும். கடற்கரைப் பெண்களின் முகம் கறுத்தது. என் வாயில் ஒரு சுடுசொல் வந்துவிட்டது. மிஸ்ஸி என் கையைப் பிடித்து அமத்தினார். "இண்டைக்கு எனக்குத் தண்ணி வேணும், ரீச்சர். சண்டை பிறகு" என்று காதுக்குள் சொன்னார்.

அந்த அம்மா அள்ளினார். நாங்கள் கொண்டு போனோம், கழுவினோம், திரும்பி வந்தோம். அவர் மறுபடி அள்ளினார். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மனுஷி. கை நடுங்கத் தொடங்கியும் கயிற்றை விடவில்லை. ஒரு கட்டத்தில் கயிறு நழுவி வாளி கிணற்றுக்குள் விழுந்தது. ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு வள்ளக்கார அண்ணையின் தங்கச்சி, கூட்டத்தில் உரமான பெட்டை, நேரே போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். வாளி நிறையத் தண்ணீரோடு மேலே வந்தது. காணிக்கார அம்மா அவளைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். பிறகு வேப்பமரத்து நிழலில் போய் இருந்துவிட்டார். மிச்சத் தண்ணீரை அவளே அள்ளினாள். மிஸ்ஸி சொன்ன அந்தச் சண்டை பிறகு நடந்ததா என்றால், நான் அறிய நடக்கவில்லை. ஆனால் அன்று பின்னேரம் நாங்கள் குடங்களோடு வீதியில் பாட்டுப் பாடிக்கொண்டுதான் வந்தோம்.

இந்தத் தடவை பொறுமையாகச் செய்தோம். கொப்பளங்களைச் சுரண்டி, நல்ல தண்ணீரால் மூன்று முறை கழுவி, வெயில் நன்றாக ஏறி மரம் உலரும்வரைக்கும் தொடவில்லை. மிஸ்ஸி ஒவ்வொரு சட்டத்தையும் நாக்கால் தொட்டு உத்தரவு கொடுத்தார். "உப்பில்லை, பூசலாம்!" என்று அவர் சொல்லும்போதெல்லாம் நாங்கள் கைதட்டினோம். பெயின்றை வீணாக்காமல் மெல்லியதாக இழுத்துப் பூசினோம். கதவு, நிலை, அலுமாரி, ஒரு யன்னல். கொப்பளம் வரவில்லை. காத்திருந்தோம், அப்போதும் வரவில்லை. மற்ற யன்னல் மட்டுமே மிச்சம். அறை ஆயத்தமாகப் போகிறது, வந்து பார்க்கலாம் என்று மருந்துசாலைக்குப் பொறுப்பான ஐயா மூலம் பெரிய டொக்டருக்குச் சொல்லி அனுப்பியாயிற்று.

அப்போதுதான் சோளகம் அடித்தது. அந்த வருஷம் முந்திவிட்டது. ஒரு பகல் முழுவதும் பனை மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்து இரைந்தன. கடல் வெள்ளையாகக் குமுறியது. நான் கடைசி யன்னலுக்குப் பெயின்றைக் கலக்கிக்கொண்டிருக்கிறேன், வள்ளக்கார அண்ணை ஓடி வருகிறார்.   அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் அவர் மனைவியைத் தாங்கிக் கூட்டி வந்தார்கள்.

மிஸ்ஸி வாசலில் நின்றார். பின்னால் திறந்த அறை. முன்னால் அந்தப் பெண். அறையைப் பாவிக்க உத்தரவு இன்னும் வரவில்லை. உள்ளே ஏதும் நடந்தால் அவருடைய உத்தியோகம் மட்டுமில்லை, எல்லாமே போய்விடும். மருந்துசாலை ஐயா, "மிஸ்ஸி, யோசியுங்கோ" என்றார். மிஸ்ஸி கடலைப் பார்த்தார். வள்ளக்கார அண்ணையின் முகத்தைப் பார்த்தார். "யோசிச்சிட்டன் ஐயா" என்றார். "ரீச்சர், ரெண்டு யன்னலையும் விரியத் திறவும். பெயின்ற் மணம் போகட்டும். தண்ணி கொதிக்கட்டும். நல்ல தண்ணி!"

நான் அந்த அறைக்குள்ளேயே நின்றேன்.  காற்று ஒரு யன்னலால் புகுந்து மற்ற யன்னலால் ஓடியது. கதவுகள் அடித்தன. ஒரு துண்டுகூட விழவில்லை. அந்த நேரத்திலும் நான் அதைக் கவனித்தேன். வலியில் அவள் கையை நீட்டிக் கட்டில் சட்டத்தைப் பற்றினாள். வெளியில் அண்ணை நடந்துகொண்டேயிருந்த சத்தம் கேட்டது. இரத்தம் போகத் தொடங்கியபோது மிஸ்ஸியின் உரத்த குரல் அடங்கிவிட்டது. மெல்ல, பாடுவது போல, "இன்னும் கொஞ்சம் பிள்ளை, இன்னும் கொஞ்சம். இது கடல் இல்லை, நிலம். நீ நிலத்திலை கிடக்கிறாய்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். கைகள் மட்டும் மின்னலாக வேலை செய்தன. வெயில் சாயும் முன்னரே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. காற்று இரைச்சலுக்கு மேலால் அவன் கத்தியதை வெளியில் நின்ற எல்லோரும் கேட்டார்கள். கேட்டுத் திரும்பிக் கத்தினார்கள். அண்ணை நடந்த நடை நின்றது. பார்த்தபோது அவர் மண்ணில் முழங்காலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். மிஸ்ஸி தாயின் வயிற்றை அழுத்திப் பிடித்தபடியே நின்றார், இரத்தம் நிற்கும்வரைக்கும். நின்றது.

காற்றுக் கொஞ்சம் ஓய்ந்த ஒரு நாளில் பெரிய டொக்டர் வந்து இறங்கினார். தாயும் பிள்ளையும் இன்னும் அந்த அறையில்தான். அவர் வாசலில் நின்றார். கட்டிலைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"ஆரைக் கேட்டு இந்த அறையைத் திறந்தனீர்?"

"ஆரையும் கேக்கேல்லை, சேர். கேக்கிறதெண்டாலும் கடல் தாண்டி வந்துதான் கேக்க வேணும்."

 டொக்டர் கதவில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. ஆனாலும், "இதை நான் மேலிடத்துக்குச் சொல்லத்தான் வேணும்" என்றார். அந்தப் பேச்சோடு மிஸ்ஸியின் முகத்தில் இரத்தம் வற்றியது.

டொக்டர் திரும்பிப் போக வள்ளத்துறைக்குப் போனபோது காற்று மறுபடியும் கிளம்பிவிட்டது. எந்த வள்ளக்காரரும் வெளிக்கிடச் சம்மதிக்கவில்லை. மருந்துசாலை ஐயாவின் வீட்டில் தங்கினார். மறுநாளும் காற்று விழவில்லை. அதற்கு மறுநாளும் விழவில்லை. மாற்றுவதற்கு உடுப்பும் இல்லாமல், ஐயாவின் தொளதொள வேட்டியைக் கட்டிக்கொண்டு, அடிக்கடி கடற்கரைக்குப் போய் அலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நாங்கள் அவரைக் கண்டால் ஒளித்தோம். மிஸ்ஸி மட்டும் ஒளிக்கவில்லை. வேளை தவறாமல் தேநீர் கொண்டு போய்க் கொடுத்தார். கடலைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர் பேசவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

ஒரு காலை அவரே அறைக்கு வந்தார். பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். பிறகு அந்த வெறும் மர யன்னலைக் காட்டி, "இதை ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்டார்.

"பூச வெளிக்கிடேக்கைதான் இவர் வந்திட்டார், சேர்" என்று மிஸ்ஸி பிள்ளையைக் காட்டினார்.

டொக்டர் அந்த யன்னலால் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.  பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "பிறஷ் எங்கை?" என்றார்.

 தாயையும் பிள்ளையையும் முன் அறைக்கு மாற்றச் சொன்னார். பெரிய டொக்டர் யன்னல் பூசுகிறார் என்ற செய்தி கல்வேலிகளுக்கு மேலால் பறந்தது. ஒளித்திருந்தவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அவருக்குப் பூசவே தெரியாது. தூரிகையைச் சொட்டச் சொட்டத் தோய்த்து ஒரே அப்பாக அப்பினார். பெயின்ற் கீழ்ச் சட்டத்தில் வழிந்து துளி துளியாக நின்றது. துடைக்கப் போன என்னை மிஸ்ஸி கண்ணால் தடுத்தார். வேலை முடிந்தபோது அவருடைய மூக்குக் கண்ணாடியிலும் பச்சை. அவர் சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

காற்று விழுந்ததும் வள்ளக்கார அண்ணையே அவரைக் கொண்டு போய் விட வந்தார். வழியனுப்ப நாங்களும் போனோம். "உம்மடை வள்ளம் ஏன் பூசாமல் கிடக்கு?" என்று டொக்டர் கேட்டார். "அந்தப் பெயின்ற் ஆஸ்பத்திரியிலை நிக்குது, ஐயா" என்றார் அண்ணை. டொக்டர் ஒரு கணம் விளங்காமல் நின்றார். விளங்கியதும் திரும்பி, "மிஸ்ஸி, அறையைத் திறந்தே வையும். மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். மிஸ்ஸி அழுதார். இந்தத் தடவை எனக்குப் பயமாக இருக்கவில்லை.

அடுத்த வருஷம் கந்தோரிலிருந்து பெயின்ற் தகரங்களும் ஆட்களும் வந்தார்கள், வெள்ளை பூச. மிஸ்ஸி தேநீர் கொடுத்து மருந்துசாலையின் முன்பக்கத்தைப் பூசச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அறையைத் தொட விடவில்லை.

நான் அந்தத் தீவிலேயே கூடப் படிப்பித்த ஆசிரியரைக் கலியாணம் முடித்தேன். தலைப்பிரசவத்துக்கு வேலணைக்கு வரச் சொல்லி அம்மா ஆள் மேல் ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. பச்சைக் கதவுகளுக்குள் அந்தக் கட்டிலில் கிடந்தேன். வலி உச்சத்துக்கு ஏறி, இனி ஏலாது, செத்துப் போகிறேன் என்று நான் கத்தியபோது, மிஸ்ஸி என் தாடையைப் பிடித்து முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார். கீழ்ச் சட்டத்தில் வழிந்து காய்ந்த துளிகள் வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றன.

"ரீச்சர், உதிலை பாரும்" என்றார். "எவ்வளவு படிச்ச மனுஷன். எவ்வளவு கேவலமாப் பூசியிருக்கிறார்!"

அந்த நோவுக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வெடித்தது. நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் மூத்தவள் பிறந்தாள்.